ஓதும் நாவும் ஓதாத உள்ளமும்

(நம் சங்கத்தின் பொன்விழாக் குடும்ப தினக் கூட்டத்தில், குர்ஆன் ஓதல் வட்டத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



ஐம்பது ஆண்டுப் பணிகளை நமக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகச் சொல்லிவிட்டார்கள். கல்வி உதவி, ஜனாஸா உதவி, நோன்புக் கஞ்சி என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. நாங்கள் பேச வந்திருப்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத ஒரு வேலையைப் பற்றி. சனிக்கிழமைதோறும் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் சங்க அறையில் கூடுகிற ஓதல் வட்டத்தின் சார்பில் பேசுகிறோம். அது தொடங்கிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சற்று வெட்கப்பட வேண்டிய தொடக்கம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் பெரியவர் ஒருவர் மௌத்தாகிவிட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்னிமா. அடக்கம் முடிந்து வந்த இரவு, அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் யாசீன் ஓதினோம். பன்னிரண்டு வயதுப் பேரன் ஒருவனும் கூட உட்கார்ந்து ஓதினான். நல்ல குரல், நல்ல தஜ்வீது. துஆ முடிந்து தேநீர் வந்த நேரத்தில் அவன் கேட்டான்: “நன்னிமாவுக்காக இவ்வளவு நேரம் ஓதினோமே, அதில் அல்லாஹ் என்ன சொல்லியிருக்கான்?”

யாசீன் சூராவில் 83 ஆயத்துகள். அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அது மனப்பாடம். ஆனால் பையன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் வாயும் திறக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் எங்களில் ஒருவர், “அதெல்லாம் பெரிய விஷயம் தம்பி, ஹஜ்ரத்துகிட்ட கேளு” என்று சொல்லிச் சமாளித்தார். பையன் தலையாட்டிவிட்டுப் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் எங்களிடம் அப்படி ஒரு கேள்வி கேட்கவே இல்லை. அன்றிரவு எங்களை உறுத்தியது பதில் தெரியாமல் போனது. பிறகு உறுத்தியது அவன் கேட்பதையே நிறுத்திவிட்டது.

இதைச் சொல்வதால், பொருள் தெரியாமல் ஓதுவது வீண் என்று நாங்கள் சொல்ல வந்ததாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வோர் எழுத்துக்கும் நன்மை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு நன்மாராயம் சொல்லியிருக்கிறார்கள். திக்கித் திணறி ஓதுகிறவருக்கும் கூலி உண்டு. அந்த ஓதலை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தவர்களும் சாதாரணமானவர்கள் இல்லை. நாகூரிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள், சிங்கப்பூர் துறைமுகமாக எழுந்த சில ஆண்டுகளுக்குள், 1820களிலேயே சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளியையும், தெலுக் ஆயர் கரையில் குச்சுப் பள்ளியையும் எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். குச்சு என்றால் குடிசை. முதலில் கூரை வேய்ந்த கொட்டகைதான். இன்று அல் அப்ரார் பள்ளி என்கிறோம். பின்னாளில் கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் குடும்பத்தோடு வந்து தஞ்சோங் பகார் பக்கம் குடியேறியவர்களும் பெட்டியில் துணிமணியோடு குர்ஆனையும் வைத்துக் கொண்டுவந்தவர்கள்தாம்.

ஆனால் அவர்கள் நாவை மட்டும் கொண்டுவரவில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் அவர்களிடம் இருந்தது. பள்ளிக்கூடம் போகாத நம் பெண்கள்கூட, குர்ஆன் ஓதக் கற்ற அதே எழுத்தைக் கொண்டு, மார்க்கத்தின் பொருளைத் தமிழில் படித்தார்கள். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து என்று தனித்தனி இலக்கிய வகைகளே தமிழ் முஸ்லிம்களிடம் வளர்ந்தன. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடியபோது அரபு நாட்டைக்கூட ஆறும் வயலும் நிறைந்த தமிழ் நிலத்தின் சாயலில் வர்ணித்தார். பாலையைப் பார்த்திராத மக்களின் மனக்கண்ணுக்கு நபிகளாரின் ஊர் எட்ட வேண்டும் என்றால், அவர்கள் அறிந்த நிலத்தின் வழியாகத்தான் அழைத்துப்போக வேண்டியிருந்தது. ஓதல் அரபியில் நடந்தது, உள்ளம் தமிழில் நடந்தது. இரண்டுக்கும் இடையில் பாலம் இருந்தது. அரபுத் தமிழ் நம் வீடுகளிலிருந்து போனபோது, அந்தப் பாலத்தில் ஒரு பலகை கழன்றது. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவது குறைந்தபோது இன்னொரு பலகை கழன்றது. நாவு மட்டும் அக்கரையில் நிற்கிறது.

இந்த இடத்தில் எங்களுக்கு வழிகாட்டியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1058இல் தூஸ் நகரில் பிறந்து 1111இல் அங்கேயே மறைந்தவர்கள். பக்தாது நிஜாமிய்யா மத்ரஸாவின் பேராசிரியர். நூற்றுக்கணக்கான மாணவர்களுக்குப் பாடம் சொன்ன அவர்களுக்கு 1095இல் ஒரு சோதனை வந்தது. எதற்காக இந்தப் பாடம், அல்லாஹ்வுக்காகவா, பேருக்காகவா என்று உள்ளுக்குள் கேள்வி எழுந்தது. மாதக்கணக்கில் அலைக்கழிந்தார்கள். ஒரு நாள் பாடம் சொல்ல உட்கார்ந்தபோது நாவு எழவில்லை. சோறு இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் இருக்கிறது, மருந்தால் ஆகாது என்று வைத்தியர்கள் கைவிட்டார்கள். பதவியை விட்டுவிட்டு ஊரை விட்டே புறப்பட்டார்கள். இதையெல்லாம் தம் வாழ்க்கையைப் பற்றி அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். பெரும் பேச்சாளரின் நாவு, உள்ளம் கூட வராததால் நின்றுபோன வரலாறு அது.

அதற்குப் பின் அவர்கள் எழுதிய இஹ்யா உலூமித்தீனில் 40 பாகங்கள். அதில் எட்டாவது பாகம் குர்ஆன் ஓதும் ஒழுங்குகளைப் பற்றியது. உளூச் செய்வது, அமர்வது, நிறுத்தி ஓதுவது என்று வெளி ஒழுங்குகள் பத்து. பிறகு உள்ளத்தின் ஒழுங்குகள் பத்து. பேசுகிறவன் யார் என்று உணர்வது, மனத்தை அங்கே வைத்திருப்பது, சிந்திப்பது, பொருளுக்கு ஏற்ற பாதிப்பு உள்ளத்தில் உண்டாவது என்று அந்தப் பட்டியல் போகிறது. அதில் எங்களை உலுக்கிய ஒழுங்கு ஒன்று உண்டு. ஓதும் ஒவ்வோர் ஆயத்தும் தனக்கே சொல்லப்பட்டதாக ஓதுபவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அது. எச்சரிக்கை வந்தால் எச்சரிக்கப்படுபவர் நாம். கதை வந்தால் கதைக்குள் நாம் இருக்கிறோம். அதேபோல, விளங்கவிடாமல் தடுக்கும் திரைகளையும் அவர்கள் எண்ணிச் சொல்கிறார்கள். எழுத்தின் உச்சரிப்பிலேயே மனம் முழுவதும் சிக்கிக்கொள்வதும் அந்தத் திரைகளில் ஒன்று. தஜ்வீது போட்டியில் கோப்பை வாங்கிய பிள்ளைகளைப் பெற்ற நமக்கு இது சிந்திக்க வேண்டிய செய்தி. தஜ்வீது வேண்டும். அது வாசல். வாசலிலேயே நின்றுவிட்டால் வீட்டுக்குள் இருப்பவரை எப்போது பார்ப்பது?

சரி, கதைக்குள் நாம் இருக்கிறோம் என்றால் எப்படி? அங்கேதான் கற்பனை என்ற சொல் வருகிறது. நம்மில் சிலருக்கு அந்தச் சொல்லே அச்சம். மார்க்கத்தில் கற்பனைக்கு என்ன வேலை என்று எங்கள் வட்டத்திலேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கும் கஸ்ஸாலி இமாமிடமே பதில் கிடைத்தது.

நூர் சூராவின் 35ஆம் ஆயத்தை நம்மில் பலர் அறிவோம். மாடம், மாடத்துக்குள் விளக்கு, விளக்கைச் சுற்றிக் கண்ணாடி, கிழக்குக்கோ மேற்குக்கோ மட்டும் சொந்தமாகாத ஒலிவ மரம், நெருப்புத் தொடுமுன்பே ஒளிரக் காத்திருக்கும் எண்ணெய். இந்த ஆயத்தை விளக்க அவர்கள் மிஷ்காத்துல் அன்வார் என்று ஒரு நூல் எழுதினார்கள். மனித உள்ளத்தின் ஆற்றல்களை இந்த உவமையில் அவர்கள் காட்டுகிறார்கள். ஐம்புலன்கள் மாடம். அறிவு விளக்கு. கற்பனை ஆற்றல் அந்தக் கண்ணாடி.

ஏன் கண்ணாடி? கண்ணாடி மண்ணிலிருந்து வருவது. மண்ணாக இருக்கும்வரை ஒளியை மறைக்கும். சுத்தப்படுத்தித் தேய்த்து எடுத்தால் ஒளியை மறைக்காது, காற்றில் அணையாமலும் காக்கும். கற்பனையும் அப்படித்தான். கசடோடு விட்டால் அறிவை மூடிவிடும். பண்படுத்தினால், நிலைகொள்ளாமல் ஆடும் அறிவுக்குப் பிடிமானமாக நிற்கும். நம் பாட்டிமார் வீட்டு அரிக்கேன் விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலமானால் சாம்பல் போட்டுச் சிம்னியைத் துடைப்பார்கள். விளக்கை ஏற்றுவதற்கு முன் அந்த வேலை. குர்ஆன் உவமைகளாலும் நிகழ்ச்சிகளாலும் நம்மிடம் பேசுவது அந்தச் சிம்னியைத் துடைப்பதற்காகத்தான் என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

துடைக்காத சிம்னி எப்படி இருக்கும் என்பதை யூசுஃப் சூராவில் பார்த்தோம். 111 ஆயத்துகள். இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டோம். கனவில் தொடங்கி, அந்தக் கனவு பலிப்பதில் முடிகிற சூரா. நடுவில் சிறைத் தோழர் இருவரின் கனவுகள், அரசனின் கனவு. ஆனால் கற்பனை நல்ல கனவாக மட்டும் அங்கே வரவில்லை. தம்பியை அழைத்துப்போக அண்ணன்மார் கேட்டபோது, நீங்கள் கவனிக்காத நேரத்தில் ஓநாய் தின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்ற கருத்தில் யஃகூப் நபி (அலை) சொன்னார்கள். அன்று மாலை பிள்ளைகள் அழுதுகொண்டு வந்து சொன்ன பொய் எது? அதே ஓநாய்தான். தகப்பனின் அச்சத்தையே எடுத்துப் பொய்யாகத் தைத்து, சட்டையில் ரத்தத்தையும் தடவிக் கொண்டுவந்தார்கள். யஃகூப் நபி அவர்களோ, உங்கள் மனம் உங்களுக்கு ஒன்றை அழகாக்கிக் காட்டிவிட்டது என்ற பொருளில் பதில் சொன்னார்கள். நஃப்ஸு என்ன வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அது தவறைத் தவறு என்று நம்மிடம் காட்டுவதில்லை. ஒப்பனை செய்துதான் கொண்டுவரும்.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓதிப் பொருள் பார்த்த பின் ஐந்து நிமிடம் யாரும் பேசுவதில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி: இந்த இடத்தில் நீங்கள் யார்? அந்தச் சனிக்கிழமை எங்களில் ஒருவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். ஊரில் பூர்வீக வீட்டுப் பங்கு விஷயமாக உடன்பிறந்த அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்று பல வருடங்கள். தான் ஏமாற்றப்பட்ட கதையை எங்களிடம் பலமுறை சொன்னவர். அன்று சொன்னார்: “இத்தனை வருஷமும் நான்தான் கிணத்துக்குள்ள கிடக்குறேன்னு நினைச்சேன். அம்மாகிட்ட போன் போட்டு அண்ணனைப் பத்தி இல்லாததையும் சேர்த்துச் சொன்னது நான். சட்டையில ரத்தம் தடவினதும் நான்தான்.”

அறையில் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் சட்டை நினைவுக்கு வந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து, எகிப்தில் குடும்பம் ஒன்றுசேரும் இடத்துக்கு வந்தோம். அல்லாஹ் தமக்குச் செய்த உபகாரங்களைச் சொல்லும்போது யூசுஃப் நபி (அலை) சிறையிலிருந்து தம்மை வெளியேற்றியதைச் சொல்கிறார்கள். கிணற்றைச் சொல்லவில்லை. அண்ணன்மார் எதிரில் நிற்கிறார்கள், அவர்கள் தலை குனியக் கூடாது என்பதற்காகவே கிணற்றைத் தவிர்த்தார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். பிளவை உண்டாக்கியவன் ஷைத்தான் என்று பழியையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். மன்னிப்பது ஒரு படி. மன்னிக்கப்பட்டவரின் மானத்தைக் காப்பது அதற்கு மேல் ஒரு படி. அந்தச் சகோதரர் அன்றிரவே ஊருக்குப் போன் போட்டார். அவருடைய சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறோம். வீட்டுப் பங்கு விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் பெருநாள் தொழுகை முடிந்ததும் அவருடைய முதல் போன் அண்ணனுக்குத்தான் போகிறது.

தீமைக்குத் தூண்டும் மனம், தன்னையே கண்டித்துக்கொள்ளும் மனம், அமைதியடைந்த மனம் என்று குர்ஆன் மூன்று நிலைகளைக் காட்டுகிறது. முதலாவதைப் பற்றிய பேச்சு இந்த யூசுஃப் சூராவிலேயே இருக்கிறது. இரண்டாவது கியாமா சூராவின் தொடக்கத்தில். மூன்றாவது ஃபஜ்ர் சூராவின் முடிவில். நாங்கள் மூன்றாவது நிலைக்குப் போய்விட்டோம் என்று சொல்லிக்கொள்ள இங்கே நிற்கவில்லை. முதலாவதில் இருப்பதே தெரியாமல் இருந்தோம், இப்போது சில சனிக்கிழமைகளில் இரண்டாவது நிலையின் குரல் கேட்கிறது. அவ்வளவுதான்.

பெரியவர் கேட்ட கேள்விக்குத் திரும்புகிறோம். எல்லை இல்லாத கற்பனை ஆபத்துதான். அதனால் சில வரம்புகளை வைத்துக்கொண்டோம். அல்லாஹ்வை எந்த உருவத்திலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவனைப் போல எதுவும் இல்லை. ஹலால் ஹராம் சட்டங்களை எங்கள் சிந்தனையால் தீர்மானிப்பதில்லை. அது உலமாக்களின் துறை. கேள்விகளை எழுதிவைத்து இமாமிடம் கேட்கிறோம். ஆயத்தில் அடுத்தவர் குற்றத்தைத் தேடுவதில்லை. இது என் மருமகளுக்குச் சொன்ன ஆயத்து என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறோம். முஸ்ஹஃபின் கடைசிச் சூராவே மனிதர்களின் நெஞ்சுக்குள் ஊசலாட்டம் போடுபவனிடமிருந்து பாதுகாப்புத் தேடுவதுதான். உள்ளே ஒலிப்பதெல்லாம் நல்ல குரல் இல்லை என்ற எச்சரிக்கையோடுதான் 114ஆவது சூரா முடிகிறது.

இன்னொன்று. தனியாக ஓதுவதோடு சேர்ந்து கேட்கவும் வேண்டும். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தமக்கு ஓதிக்காட்டச் சொன்னார்கள். தங்களுக்கு இறங்கியதைத் தங்களுக்கே ஓதுவதா என்று அவர்கள் தயங்கினார்கள். பிறரிடமிருந்து கேட்க விரும்புவதாக நாயகம் சொன்னார்கள். நிஸா சூராவின் ஓர் ஆயத்து வந்ததும் போதும் என்றார்கள். நிமிர்ந்து பார்த்தால் நாயகத்தின் கண்களில் நீர். வஹீ இறங்கிய உள்ளமே இன்னொருவர் வாயால் கேட்டு உருகியது. நம் வீட்டில் பிள்ளை ஓதும்போது நாம் போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறோமா?

சங்கத்தின் அடுத்த ஐம்பது ஆண்டுக்கு எங்கள் வேண்டுகோள் சிறியது. வாரம் ஒரு நாள், பத்து ஆயத்து. ஒருவர் ஓதட்டும். ஒருவர் தமிழில் பொருள் படிக்கட்டும். பிள்ளைக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோதான் விளங்கும் என்றால் அதிலும் படியுங்கள், குறை இல்லை. பிறகு சற்று நேரம் மௌனம். இதில் நான் யார் என்ற கேள்வி. பிள்ளை கேள்வி கேட்டால், தெரியாது என்றால் தெரியாது, அடுத்த வாரத்துக்குள் சேர்ந்து தேடுவோம் என்று சொல்லுங்கள். ஹஜ்ரத்திடம் கேள் என்று அனுப்பாதீர்கள். கூடவே நீங்களும் போங்கள்.

அந்தப் பையன் இப்போது தேசிய சேவையில் இருக்கிறான். எங்கள் வட்டத்துக்கு அவன் வந்ததில்லை. நாங்கள் வற்புறுத்தவும் இல்லை. ஆனால் அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இப்போது சேர்த்து வைத்திருக்கிறோம். இந்த மலர் அவன் வீட்டுக்கும் வரும்.

தம்பி, அன்று நன்னிமாவுக்காக ஓதினோமே, அதில் ஒரு மனிதர் வருகிறார். ஊரின் கோடியிலிருந்து ஓடிவந்து, தூதர்களைப் பின்பற்றுங்கள் என்று தம் மக்களிடம் கெஞ்சுகிறார். மறுமையில் சுவனத்தில் நுழையச் சொல்லப்பட்ட பிறகும், தமக்குக் கிடைத்த மன்னிப்பைத் தம் மக்கள் அறியக் கூடாதா என்றுதான் ஏங்குகிறார். அவர்கள் மீது ஒரு கோபச் சொல்லும் இல்லை. செத்த பூமி மழையால் உயிர்பெற்றுத் தானியம் தருவது அதில் வருகிறது. நிலா தேய்ந்து தேய்ந்து காய்ந்து வளைந்த பழைய பேரீச்சங் காம்பு போல ஆவதும் வருகிறது. மக்கிய எலும்பை யார் உயிர்ப்பிப்பார் என்று கேட்பவனுக்கு, முதலில் அதைப் படைத்தவனே உயிர்ப்பிப்பான் என்ற பதிலும் வருகிறது. உன் நன்னிமா வளைந்த முதுகோடு கடைசிக் காலத்தில் நடந்ததை நீ பார்த்திருக்கிறாய். தேய்ந்த நிலா திரும்ப வருவதையும் பார்த்திருக்கிறாய். அன்று எங்களால் இதைச் சொல்ல முடியவில்லை. எங்களை மன்னித்துவிடு. சனிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு கதவு திறந்திருக்கும். உன் அடுத்த கேள்வியோடு வா.

அல்லாஹ் நம் நாவையும் உள்ளத்தையும் ஒன்றாக்குவானாக. நம் முன்னோர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்றுகளை ஒளியாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.